முதுகு பார்த்த ரெண்டு ஷிப்டு

நஞ்சம்மா கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்களின் காலில் ஒரு குணம் இருக்கிறது என்பதில் ஓசூர்ப் பக்கத்துத் தமிழ்க்காரர், தெலுங்குக்காரர், கன்னடக்காரர் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். முதுகு பிடித்துக்கொண்டவர்கள் விடிவதற்குள் பல் துலக்காமல் வந்து அவள் வாசற்படிக்குக் குறுக்கே குப்புறப் படுப்பார்கள். அவள் இடது குதிகாலால் அடிமுதுகில் மூன்று தரம் மிதித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுவாள். காசு வாங்கினால் குணம் போய்விடும் என்பதால் ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டாள்.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவரைக்கும் களையெடுத்து முதுகு பிடித்த யாராவது எப்போதாவது வருவார்கள், அவ்வளவுதான். சிப்காட்டில் கம்பெனிகள் வந்து, அவள் புருஷன் மாதப்பனுக்குத் தகடு வெட்டுகிற பிரஸ் கம்பெனியில் வேலை கிடைத்து, இரண்டு பேருமாக ஓட்டு லைன் வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் வாசலில் ஆள் சேர ஆரம்பித்தது. லேத்துக்காரன் வருவான், பவுண்டரிக்காரன் வருவான், பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு லாரி டிரைவர் வருவான். கம்பெனி பஸ்ஸுக்கு இனிமேல் நஞ்சம்மா வாசற்படியில் ஒரு ஸ்டாப் போட வேண்டும் என்று லைனில் கேலி பேசிக்கொள்வார்கள்.

பிரஸ் கம்பெனி சூப்பர்வைசர் திம்மப்பனே வருவார். ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மப்ளரைக் கழற்றி மாதப்பன் கையில் கொடுத்துவிட்டுப் படுப்பார். அவருக்கு வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ்.

"ஸ்வல்ப ஜோரா, கொஞ்சம் பலமா மிதி நஞ்சம்மா, பயப்படாதே. நீ மிதிச்சேன்னு உங்க வூட்டுக்காரன வேலைய விட்டு எடுக்கமாட்டன்."

மாதப்பன் மப்ளரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். படுத்திருப்பவர் சிரித்தால் தானும் சிரிக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

இப்படி ஊரார் முதுகையெல்லாம் மிதித்தவள் ஒரு முதுகை மட்டும் மிதிக்கவில்லை. அது புருஷன் முதுகு.

மாதப்பனுக்குப் பிரஸ்ஸில் வேலை என்றால், இரும்புத் தகட்டை அச்சுக்கு அடியில் வைத்து வலது காலால் பெடலை அழுத்த வேண்டும். மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை வெட்டும். ஸ்டூல் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியது. தகட்டுக் கட்டு இடது பக்கம் தரையில் கிடக்கும், வெட்டிய துண்டைப் போடுகிற பெட்டி வலது பக்கம் பின்னால் இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து காலை நகர்த்தக்கூடாது. கால் நகர்ந்தால் பெடல் தவறும், பெடல் தவறினால் விரல் போகும். ஆகவே இடுப்புக்குக் கீழே கல்லாக இருந்துகொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருப்பான். வருஷக்கணக்காக இதுதான்.

வேலை நிரந்தரமான கொஞ்ச நாளில் அவன் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் ஒரு இரும்பு மடக்கு நாற்காலி வாங்கிவந்தான். அதிலிருந்து சாப்பாடு நாற்காலியில்தான், தட்டு மடியில். தரையில் உட்காரச் சொன்னால், "ஏன், நான் கம்பெனிக்காரன், நாற்காலியில ஒக்காந்து தின்னா ஒனக்கென்ன?" என்று கேட்பான். புதுக் காசு பண்ணுகிற வேலை இது என்றுதான் நஞ்சம்மாவும் நினைத்தாள்.

ஊத்தங்கரைப் பக்கம் அவள் தம்பி ஆஞ்சப்பன் கல்யாணத்தில் அது வினையாகிவிட்டது. பந்தியில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். எல்லாரும் உட்கார, மாதப்பன் நின்றுகொண்டே இருந்தான். உட்காருங்க மாமா, உட்காருங்க மாமா என்று ஆஞ்சப்பன் கூப்பிட்டுப் பார்த்தான். அவன் அசையவில்லை. கடைசியில் பெண் வீட்டார் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"தொரைக்குப் பெஞ்சு போடுங்கடா. பேண்டு கசங்கிடும்."

பந்தியே சிரித்தது. மாதப்பன் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான். மாமன் தன்னைப் பந்தியில் வைத்து அவமானப்படுத்திவிட்டான் என்று ஆஞ்சப்பன் சொன்னான். தன்னைத்தான் அவமானப்படுத்தினார்கள் என்று மாதப்பன் சொன்னான். அதோடு தம்பி அக்காள் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டான். நஞ்சம்மாவும் புருஷனைத்தான் குற்றம் சொன்னாள். ஒரு வாய் சோற்றுக்காகத் தரையில் குந்தினால் குறைந்தா போய்விடுவாய் என்று ஊத்தங்கரையிலிருந்து ஓசூர் வரும்வரைக்கும் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். உட்கார முடியவில்லை என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. முடியவில்லை என்று சொல்வதைக் காட்டிலும் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அப்புறம் முதுகு வந்தது. முதலில் ஷிப்டு முடிந்து வந்தால் வலி, பிறகு எழுந்தாலே வலி. மிளகுத் தைலம் தேய்த்தாள், தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள், மருந்துக்கடைக்காரன் கொடுத்த பெல்ட்டை இறுக்கிக் கட்டினாள். கம்பெனி டாக்டர், குனிந்து தரையைத் தொடு என்றார். தொட்டான். விரல் தரையில் பட்டதும் டாக்டருக்குத் திருப்தியாகிவிட்டது. ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பார் என்றார். எந்த இடம் வளைந்து விரல் தரைக்குப் போயிற்று என்று அவர் பார்க்கவில்லை.

வீட்டில் ஒவ்வொரு விடியற்காலையும் அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் வந்து மிதி வாங்கிப் போவதைப் பார்ப்பான். ஒரு நாள் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரே மிதி வாங்கிட்டுப் போவுது. தாலி கட்டினவனுக்கு மட்டும் ஒங் காலு ஆவாதா?"

"பொண்டாட்டி காலு புருஷன் மேல படலாமா? எந்தச் சாமி ஒத்துக்கும்?"

"சாமியா வந்து பிரஸ்ஸு ஓட்டுது? மிதிம்மே."

அவள் மாட்டேன் என்றாள். அவன் இரண்டு வேளை சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு விடியலில், வாசலில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவன் படியில் படுத்தான். நஞ்சம்மா குனிந்து அவன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தன் பழைய புடவையை நாலாக மடித்து அவன் முதுகின்மேல் போட்டாள், தோல் தோலில் படாமல் இருக்கட்டும் என்று. பிறகு மிதித்தாள். புடவைக்கு அடியில் அவன் முதுகு பலகைபோல் இருந்தது.

இரண்டு நாள் சுகமாக இருக்கிறது என்றான். மூன்றாம் நாள் தகட்டுக் கட்டை எடுக்கக் குனிந்தவன் அப்படியே மிஷினுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டான். கம்பெனி வேனில் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்கள். திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

நஞ்சம்மா யாரிடமும் சொல்லவில்லை. தன் காலைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. குளிக்கும்போது இடது காலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். விடியலில் யாராவது வந்தால் உடம்பு சரியில்லை என்று கதவுக்கு உள்ளிருந்தே சொல்லி அனுப்பினாள்.

பக்கத்து வீட்டு முனவர் பேகம் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். கை கால் முடங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அறையில் அவளுக்கு வேலை. அவள்தான் பிடிவாதமாக இரண்டு பேரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் நஞ்சம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா முதுகைப் பார்த்ததுமே, யார் மிதித்தது என்று கேட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தாள்.

பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, கண்ணாடி போட்டவள். முதுகை அவள் கடைசியில்தான் பார்த்தாள். முதலில் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னாள். மாதப்பன் நஞ்சம்மாவைப் பார்த்தான். பிறகு, வராதுங்க என்று மெதுவாகச் சொன்னான். எத்தனை நாளாக வராது என்று கேட்டாள். ரொம்ப நாளாக என்றான். சொந்த மச்சான் கல்யாணப் பந்தியில்கூட உட்கார முடியவில்லை என்று அவனாகவே சொன்னான். நஞ்சம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா அவனை மல்லாக்கப் படுக்கவைத்து, நஞ்சம்மாவின் கையை இழுத்து அவன் அடிமுதுகுக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த சந்தில் வைத்தாள். பிறகு அவன் வலது முழங்காலை மடக்கி மார்புப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள். பாதி தூரம்தான் வந்தது. அதற்கு மேல் தள்ளியதும் முதுகு இறங்கி நஞ்சம்மாவின் கையை நசுக்கியது.

"தெரியுதாம்மா? தொடை வந்து இடுப்பில் சேருதே, அந்த மூட்டு இங்கேயே நின்னுடுச்சு. இதுக்கு மேல வந்தது கால் இல்ல, முதுகு. குனியறது, திரும்பறது, உட்கார்றது எல்லாம் அந்த மூட்டு பண்ண வேண்டிய வேலை. அது வேலைக்கே வரல. முதுகு தன் வேலையையும் பார்த்துட்டு அதோட வேலையையும் பார்க்குது. ரெண்டு ஷிப்டு."

மாதப்பன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டரம்மா மேலும் சொன்னாள். வலிக்கிறது என்று முதுகை விறைப்பாகப் பிடித்துக்கொண்டே நடந்தால் தொடை மூட்டு இன்னும் இறுகும். அது இறுகினால் முதுகு இன்னும் கெடும். ஒன்றை ஒன்று கெடுத்துக்கொண்டே போகும். வலிக்கிற இடத்தையே போட்டுத் தேய்ப்பதில் பிரயோஜனமில்லை. அவன் வேலை செய்கிற விதத்தை உட்கார்ந்து காட்டச் சொன்னாள். அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பெடல் எங்கே, தகடு எங்கே, பெட்டி எங்கே என்று காட்டினான். டாக்டரம்மா அவனை இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். ஸ்டூலைச் சுழலுகிற மாதிரி வைத்து, பெட்டியை முன்னால் வைத்தாலே பாதி முதுகுகள் பிழைக்குமே என்று முனவர் பேகத்திடம் சொன்னாள்.

கிளம்பும்போது நஞ்சம்மா பின்தங்கி நின்றாள்.

"அம்மா, யாராச்சும் மிதிச்சிருந்தா?"

"யார் மிதிச்சாங்க?"

"சும்மா கேட்டன்."

டாக்டரம்மா அவளையே பார்த்தாள். மிதித்ததால் நல்லது நடந்திருக்காது என்றாள். மிதித்ததால்தான் இப்படி ஆயிற்று என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றாள். வருஷக்கணக்காக இறுகிய மூட்டு அது, ஒரு நாளில் வந்த வினை இல்லை என்றாள். நஞ்சம்மா வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். முனவர் பேகம் டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

தினமும் வீட்டில் செய்யச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். அவன் மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்புக்குக் கட்டி இழுக்க வேண்டும். இன்னொரு தொடை எழும்பாமல் நஞ்சம்மா கையால் அழுத்திக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் போல ஒழுங்காகச் செய்தார்கள். சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்கிற அளவுக்கு வந்தான். ஒரு நாள் வெறும் தரையில் ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி உட்கார்ந்துகூடப் பார்த்தான். நஞ்சம்மா இலை போட்டாள். களி உருண்டையும் கீரைக்குழம்பும்தான், ஆனாலும் இலையில் போட்டாள். எழுந்திருக்கும்போது, அடுத்த தைக்கு ஆஞ்சப்பன் வீட்டுக்குப் போய்வரலாம் என்று அவனே சொன்னான்.

இதற்கிடையில் கம்பெனி பேச ஆரம்பித்திருந்தது. வேலைக்கு உதவாத ஆளை வைத்துக்கொள்ள முடியாது, கணக்கை முடித்துக்கொண்டு போகட்டும் என்றார்கள். யூனியன்காரர் விடவில்லை. மிஷின் கெடுத்த உடம்பு இது, கம்பெனிதான் வைத்தியம் பார்க்க வேண்டும், உட்கார்ந்து பார்க்கிற லேசான வேலை கொடுக்க வேண்டும், ஸ்டூலை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். டாக்டரம்மாவும் தான் பார்த்ததை எழுதிக் கொடுத்தாள். கம்பெனிக்கு முதல் இரண்டைவிட மூன்றாவதுதான் உறுத்தியது. ஒரு ஸ்டூலை மாற்றினால் எல்லா ஸ்டூலையும் மாற்ற வேண்டும், முதுகு வலிக்கிறவன் ஒவ்வொருவனும் வந்து நிற்பான். அதனால் விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் யூனியன்காரர் வீட்டுக்கு வந்து நஞ்சம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். ஊராருக்கு நீ மிதிப்பது எல்லாருக்கும் தெரியும், வீட்டில் மிதித்ததால்தான் முதுகு போயிற்று என்று சொல்லப் பார்க்கிறார்கள், உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றார்.

"புருஷன் மேல கால் வெச்சியாம்மா நீ?"

அவள் இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் புரிந்துகொண்டார்.

"வெக்கலன்னு சொல்லு. எந்தப் பொம்பளையும் வெக்கமாட்டா, நம்புவாங்க. ஒன்னுக்குள்ள ஒன்னு, ஒங்க ரெண்டு பேருக்குத்தான தெரியும்?"

நஞ்சம்மா பொய் சொல்லிப் பழகாதவள். அதைவிட, அன்றைக்குச் சாமி முன்னால் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு செய்த காரியம் அது. அதை இல்லை என்று சொல்வது இரண்டாவது பாவம். ஆனாலும் புருஷன் பிழைப்பு அதில் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மாதப்பனிடமும் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

மறுநாள் திம்மப்பன் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் பிரெட்டும் கொண்டுவந்தார். உடம்பு எப்படி என்று விசாரித்தார், பழைய கதைகள் பேசினார். நஞ்சம்மா கையால் காப்பி குடிக்க வேண்டும் என்றார். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டுக் கொண்டுவருவதற்குள் இருவரும் பேச வேண்டியதைப் பேசி முடித்திருந்தார்கள். காப்பியைக் குடித்துவிட்டு, நல்லா இருக்குது என்று சொல்லிப் போனார்.

விசாரணை கம்பெனி கேண்டீனில் நடந்தது. மேஜைமேல் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். மேனேஜர், கம்பெனி டாக்டர், திம்மப்பன், யூனியன்காரர். முதலில் டாக்டர், இந்த ஆள் தன் எதிரில் குனிந்து தரையைத் தொட்டார், முதுகு அப்போது நன்றாகத்தான் இருந்தது என்றார். தொடை மூட்டைப் பார்த்தீர்களா என்று யூனியன்காரர் கேட்டார். முதுகு வலி என்று வந்தவருக்குத் தொடையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் திருப்பிக் கேட்டார். அடுத்து திம்மப்பன், லைன் வீட்டில் விடியற்காலையில் முதுகு மிதிக்கிற பழக்கம் நடக்கிறது என்றார். தானும் அங்கே போயிருப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பிறகு நஞ்சம்மாவைக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவள் நின்றாள்.

"நீங்க உங்க புருஷன் முதுகை மிதிச்சீங்களாம்மா?" என்று மேனேஜர் கேட்டார்.

"இல்லீங்க."

"ஒரு தரம்கூட?"

"ஊருக்கெல்லாம் மிதிப்பன். பொண்டாட்டி காலு புருஷன் மேல படுமுங்களா?"

மேனேஜரே கொஞ்சம் சங்கடப்பட்டவர்போல் பேனாவை மூடினார். யூனியன்காரர் முகத்தில் தெளிவு வந்தது. மாதப்பனைக் கூப்பிட்டார்கள். அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதே கேள்வியைக் கேட்டார்கள்.

"மிதிச்சாங்க" என்றான்.

யூனியன்காரர் எழுந்துவிட்டார். மேனேஜர் அவரைக் கையமர்த்திவிட்டு, எப்போது என்று கேட்டார்.

"விழறதுக்கு முந்தி. நல்லா மிதிச்சா. அப்பவே சுருக்குன்னுச்சு. பொறவுதான் இப்பிடி ஆச்சுங்க."

"மிஷின்ல உங்களுக்கு எதாவது கஷ்டம்?"

"மிஷின்ல ஒன்னும் இல்லீங்க."

நஞ்சம்மா அவனைப் பார்த்தாள். அவன் பச்சைத் துணியைப் பார்த்தான். திம்மப்பன் ஜன்னல் பக்கம் திரும்பி மப்ளரைச் சரிசெய்துகொண்டார். போகலாம்மா என்று மட்டும் மேனேஜர் சொன்னார், பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் சொல்கிற குரலில்.

வீட்டுக்கு வந்து அவள் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். வீட்டில் வந்த வினை என்று ஒத்துக்கொண்டால் இரக்கப்பட்டுக் கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுப்பார்களாம். மிஷின் என்று நின்றால் கோர்ட்டுக்கு இழுப்பார்களாம், தீர்ப்பு வருவதற்குள் பல்லெல்லாம் கொட்டிவிடுமாம். திம்மப்பன் எடுத்துச் சொன்னாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நானே மிதிச்சன்னு சொல்லியிருப்பனே."

"நீ ஒத்துக்கமாட்டன்னு நெனச்சன்."

"என்னப் பொய் சொல்லவுட்டுப் பாத்துக்கிட்டு நின்னியே."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டு வைக்கச் சொன்னான். வைத்தாள்.

அந்த வாரமே லைன் முழுக்கப் பேச்சாகிவிட்டது. புருஷன் முதுகை ஏறி மிதித்து முடமாக்கிவிட்டாள், கேட்டால் இல்லை என்று சாதித்தாள் என்றார்கள். குழாயடியில் அவள் குடத்துக்கு வரிசை விட்டு ஒதுங்கி நின்றார்கள். ஊத்தங்கரை வரைக்கும் சேதி போயிருக்கும், அங்கே ஆஞ்சப்பன் என்ன நினைத்தானோ. வாசற்படியில் படுக்க யாரும் வரவில்லை. முனவர் பேகம் மட்டும் முன்போலவே பேசினாள். ஏன் பயிற்சிக்கு வருவதில்லை என்று டாக்டரம்மா கேட்கிறாள் என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

நஞ்சம்மாவும் அதைப் புருஷனிடம் சொன்னாள். பாயை விரித்து, கயிற்றை எடுத்து வைத்து, படுக்கச் சொன்னாள். கோபம் இருந்தாலும் தொடையை அழுத்திப் பிடிக்கிற வேலையை விடமாட்டேன் என்றாள். அவன் நாற்காலியிலிருந்து எழவில்லை.

"நல்லா ஆயிட்டா என்னா ஆவும் தெரியுமா? திரும்ப பிரஸ்ஸுல ஒக்கார வெப்பாங்க. குனிய முடியாதவன்னுதான் கேட்டுல வெச்சிருக்காங்க. அந்தக் காலு அப்பிடியே இருக்கட்டும்."

"முதுகு?"

"அதும்தான் இருக்கட்டும். பழகிப்போச்சு."

கேட்டில் அவனுக்குக் காக்கி உடுப்பு, தொப்பி, கறுப்பு பூட்ஸ். கூடவே ஒரு நாற்காலி. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதில் உட்கார்ந்திருப்பான். வண்டி வந்தால் மட்டும் எழுந்து கம்பியைத் தூக்குவான். சுவரைப் பிடிக்காமல் எழுந்தவன் மறுபடியும் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தான். ஒரு காலை மடக்கி உட்கார்ந்ததெல்லாம் போயிற்று. தன் பாதத்தைத் தன் கையால் தொட முடியாமல் போனதும், பூட்ஸ் மாட்டிவிடுகிற வேலை நஞ்சம்மாவுக்கு வந்தது. தினமும் அவன் நாற்காலிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, காலை எடுத்து மடிமேல் வைத்து, நாடாவை இழுத்துக் கட்டுவாள்.

மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் திம்மப்பன். மப்ளர், குல்லாய் இரண்டும் போட்டிருந்தார். ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். ஒரு வாரமாக முதுகு பிடித்துக்கொண்டு இருக்கிறது, பெங்களூரில் காட்டியும் கேட்கவில்லை என்றார்.

"என்ன இருந்தாலும் ஒன் காலு மாதிரி வருமா நஞ்சம்மா."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது ஆள முடமாக்கின காலுங்க. ஒங்க கேண்டீன்லதான முடிவாச்சு?"

"அது கம்பெனி விசயம். அதையெல்லாம் மனசுல வெச்சிக்காதே."

உள்ளேயிருந்து மாதப்பன் சுவரைப் பிடித்தபடி வந்தான். சார் வந்திருக்காரு, நிக்கவெச்சுப் பேசிட்டிருக்கியே என்றான். மப்ளரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

"மிதிம்மே" என்றான்.

நஞ்சம்மா அவனைப் பார்த்தாள், திம்மப்பனைப் பார்த்தாள். பிறகு, மிதிக்கறன், முதல்ல தரையில சம்மணம் போட்டு ஒக்காருங்க என்றாள். அப்படி ஒரு வழக்கம் முன்னால் இல்லையே என்று திம்மப்பன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் சுவரில் கை வைத்து இறங்கிப் பார்த்தார். முழங்கால்கள் இரண்டும் மேலேயே நின்றன. முதுகு கூன்போல வளைந்தது. பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

"தரையில ஒக்காந்து எவ்வளவோ நாளாச்சு. எங்க மனெயில கல்யாணத்துக்குப் போனா எனக்கு டேபிள் போட்டுடுவாங்க."

மாதப்பனுக்குப் புரிந்துவிட்டது. மப்ளரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொல்லமாட்டான். சொன்னால், பயிற்சி செய்தால் தேறுகிற உடம்புதானே உன்னுடையதும் என்று நாளைக்கு அதே வாய் கேட்கும்.

அவள் சொல்லியிருக்கலாம். தொடை மூட்டு என்று ஒரு சொல், டாக்டரம்மா இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வழி. ஒரு மாதத்தில் மாதப்பன் சுவரை விட்டு எழுந்து நின்றதை அவள் கண்ணால் பார்த்தவள்.

"படுங்க" என்றாள்.

திம்மப்பன் படிக்குக் குறுக்கே குப்புறப் படுத்தார். அவள் இடது குதிகாலை அவர் அடிமுதுகில் வைத்தாள். புடவை மடித்துப் போடவில்லை. எப்போதும்போல மூன்று தரம் மிதித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பின்னால், சுகமாக இருக்கிறது, அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்வதும், மாதப்பன் சிரிப்பதும் கேட்டது. பிறகு ஸ்கூட்டர் சத்தம் உடனே கேட்கவில்லை. காலைத் தூக்கிப் போட முடியாமல் வண்டியைச் சாய்த்துச் சாய்த்து ஏறுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு காலைக் கழுவினாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக் கழுவினாள்.

மாதப்பன் நாற்காலியில் உட்கார்ந்து கூப்பிட்டான்.

"ஏம்மே, பூட்ஸு. பஸ்ஸு வந்துரும்."

அவள் வந்து அவன் எதிரில் குந்தினாள். அவன் காலைத் தூக்கி மடிமேல் வைத்தாள். திம்மப்பன் சாரிடம் அந்த டாக்டரம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாளா என்று அவன் கேட்டான்.

"என்னாத்துக்குச் சொல்லணும்?" என்று நாடாவை இறுக்கினாள். "எல்லாருக்கும் பழகிடும்."